அலைவாய்க் கரையில் ஓர் ஊர்

ஊர்ப்பெயர்கள் பழங்கதை உரைக்கும் இயல்புடையவை. மதுரை மாநகரின் மேற்பகுதியில் காளவாசல் என்றோர் இடம் உண்டு. காளவாசல் என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளையைக் குறிக்கும் சொல். இன்று அங்கே பேருந்துகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. எனினும், பெயர் பழைய தொழிலை மறக்கவில்லை. ஆயினும், ஓர் ஊரின் பழமை பெயரளவில் நின்றுவிட்டால் போதுமா? சோழநாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியை நோக்கினால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

தரங்கம் என்பது அலை. பாடி என்பது குடியிருப்பு. மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள இச்சிற்றூரைப் பழைய கல்வெட்டு சடங்கன்பாடி என்று குறிக்கின்றது. அலைகள் வந்து மோதும் விளிம்பிலே மாசிலாமணிநாதர் கோயில் அமைந்துள்ளது. மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. ஆகவே, மதுரை மாணவர்க்கும் இவ்வூருக்கும் உறவு உண்டு.

1620-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டினர் இங்கு வந்தனர். தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு, மிளகு முதலிய பொருள்களை வாங்கி விற்கும் பொருட்டுக் கடலோரத்தில் டேன்சுபர்க்குக் கோட்டையைக் கட்டினர். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். ஊரார் ஒப்புதலைக் கேளாமலே ஊர் கைமாறிய காலம் அது.

1706-இல் செருமானியரான சீகன்பால்கு என்னும் சமயத் தொண்டர் இவ்வூரில் வந்திறங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708-இல் டேனிய அதிகாரியே அவரைக் கோட்டையில் சிறை வைத்தான். சிறை மீண்ட அவர் பணியைக் கைவிடவில்லை. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் நிறைவுற்றது. அச்சுக்கு வேண்டிய தாள் செய்வதற்கு அருகிலுள்ள பொறையாற்றில் பட்டறையும் அமைந்தது. 1719-இல் மறைந்த அவரது உடல், அவர் எழுப்பிய புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இத்தகைய ஊரை எவ்வாறு காப்பது என்பதில் இருவேறு கருத்துகள் உள்ளன. "அயலார் ஆதாயத்திற்காகக் கட்டிய கோட்டையை நாம் ஏன் காக்க வேண்டும்?" என்பர் சிலர். கோட்டையும் பழைய தெருக்களும் பளிச்சென்று விளங்கினால் போதும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் குறையுடைய கருத்துகளே. கோட்டையை இடித்துவிட்டால் அடிமைப்பட்ட காலத்தின் சான்று அழியும். அதனுள் ஒரு தமிழ் மாணவர் சிறையிருந்த செய்தியும் மங்கும். கோட்டையை மட்டும் போற்றினாலோ, அதற்கு முன்னமே கோயில் எழுப்பிய கைகளும், இன்றும் வலை வீசும் கைகளும் மறக்கப்படும். காப்பது என்பது புகழ்வது அன்று. உண்மையை மறையாமல் வைத்திருப்பதே காப்பு.

கடல் இவ்வேறுபாடுகளை அறியாது. மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அது சிறிது சிறிதாக அரித்துக்கொண்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து, கரையோர மீனவர் குடும்பங்களில் தாங்கொணாத் துயரை விளைத்தது. சுவரைச் சீர்செய்யப் பொருள் தேடலாம். சென்ற உயிரை மீட்க எப்பொருளும் உதவாது. ஆகையால், கற்களுக்கு அரண் தேடும்போது மக்களுக்கும் அரண் தேடுதல் வேண்டும். மீன் உலர்த்த இடமும், கட்டுமரமும் படகும் கரையேறப் பாதையும் இல்லாமற்போனால், தரங்கம்பாடி காட்சிப்பொருளாகுமே அன்றி ஊராகாது.

இன்று கோட்டையில் அருங்காட்சியகம் உள்ளது. அங்குச் செல்லும் மாணவர்கள் சுவரில் தம் பெயரைக் கீறாதிருப்பது முதற்கடமை. கோயில், கோட்டை, ஆலயம், மீனவர் தெரு ஆகிய நான்கையும் ஒருங்கே கண்டு, முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது அதனினும் சிறந்த கடமை. பின்னர்த் தத்தம் ஊர்க்குத் திரும்பி, அங்குள்ள குளத்தையும் சாவடியையும் தெருப்பெயரையும் அதே கண்ணோடு நோக்குதல் வேண்டும். பெயர் மட்டும் எஞ்சி நிற்பது நினைவு. கல்லும் தொழிலும் மக்களும் கூடி நிற்பதே மரபு. அம்மரபைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு, நமக்கும் உண்டு.