பேர் இல்லாத மைக்குக்குப் பொய்ப் பேர் வேண்டாம்

போன இதழில் நான் எழுதிய தண்ணீர்த் தொட்டிக் கட்டுரையைப் படிச்சுட்டு மறுவாரமே தொட்டிக்கு மூடி போட்ட தலைமையாசிரியர் ஐயாவுக்கு முதலில் நன்றி. அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணினப்போ உடைஞ்ச உலக உருண்டைக்குப் பின்னாடி ஒரு பழைய மைக் கிடைச்சது உங்களுக்கெல்லாம் தெரியும். மஞ்சப்பையில் சுத்தி வெச்சிருந்தாங்க. நல்ல கனம். முன்பக்கம் விலா எலும்பு மாதிரி கம்பி கம்பியா இருக்கும். அதில் எங்கேயும் பேர் கிடையாது. நம்பர் கிடையாது. கீழே மட்டும் ரெண்டு சின்ன ஓட்டை இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவில் நீளமா ஒரு இடம் மட்டும் மங்காமல் பளபளன்னு இருக்கு. அங்கே ஒரு தகடு இருந்து யாரோ கழட்டியிருக்காங்க.

இப்போ இந்த மைக்கை வெச்சு ஊரில் ரெண்டு கட்சி. பேர் இல்லாத சாமானுக்கு என்ன மதிப்பு, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுங்கன்னு ஒரு கட்சி. இன்னொரு கட்சி, ஆண்டு விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெச்சு "பெருந்தலைவர் காமராஜர் பேசிய மைக்" என்று அட்டை எழுதணும்னு சொல்லுது. நான் ரெண்டு கட்சியிலும் இல்லை.

ஒரு மைக்கில் பேர் இல்லேன்னா அது என்னன்னே தெரியாதுன்னு நாம நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். சினிமாவில் பழைய பாட்டுக் காட்சியில் வரும் மைக் மாதிரியே இருக்கே, அதுதான் இதுன்னு வகுப்பில் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது தப்பு. அந்த விலா எலும்பு வடிவம் 1939இல் அமெரிக்காவில் ஷூர் கம்பெனி செஞ்ச 55 என்ற மைக்கால் பிரபலமானது. அதைப் பார்த்து அப்புறம் எத்தனையோ பேர் அதே மாதிரி செஞ்சாங்க. இன்னைக்கும் செய்றாங்க. முகத்தை மட்டும் பார்த்துப் பேர் சொல்ல முடியாது.

அதனால் எங்க தெரு மைக்செட் மாமாவிடம் ஐயாவின் அனுமதியோடு கொண்டுபோனோம். நான் பெரிய விஞ்ஞானி மாதிரி ஒரு குண்டூசியை முன்கம்பியில் வெச்சேன், ஒட்டிக்கிச்சு. "உள்ள காந்தம் இருக்கு மாமா" என்றேன். மாமா ஊசியைப் பிடுங்கி வீசிட்டார். "இரும்புத்தூள் உள்ள போச்சுன்னா காந்தம் விடவே விடாது பாப்பா, மைக் கெட்டுப்போயிடும். இனிமே வெக்காதே" என்று திட்டினார். ஆனால் காந்தம் இருக்குன்னு தெரிஞ்சதே பாதி விடை என்றும் சொன்னார். (திட்டினதை வீட்டில் சொல்லலை.)

அந்தக் காலத்தில் கிரிஸ்டல் மைக் என்று ஒன்று இருந்ததாம். அதில் காந்தமே கிடையாது. ரோஷெல் உப்புப் படிகம்தான் உள்ளே இருக்கும். சத்தம் பட்டு அந்தப் படிகம் வளைஞ்சா மின்சாரம் வரும். அறிவியல் டீச்சரிடம் கேட்டப்போ, ஆய்வகத்தில் பெலிங் கரைசல் செய்றோமே, அதில் சேர்க்கிறதும் இதே உப்புதான்னு சொன்னாங்க. சூடும் ஈரமும் அதுக்கு ஆகாது. நம்ம ஸ்டோர் ரூமில் ஒரு மழைக்காலம் இருந்தாலே கதை முடிஞ்சிருக்கும். கரித்துகள் போட்ட கார்பன் மைக்கிலும் காந்தம் இல்லை, அது பேட்டரி இல்லாமல் பேசாது. ரிப்பன் மைக்கில் காந்தம் உண்டு. ஆனால் உள்ளே முடியை விட மெல்லிசான அலுமினிய நாடா தொங்கும். அதில் மீட்டரை வெச்சால் நாடா பிய்ஞ்சு போகலாம். அதனால்தான் மாமா எடுத்த எடுப்பில் மீட்டர் வெக்கலை. டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தார். நாடா இல்லை, வட்டமா ஒரு தகடு இருந்தது. அதுக்கப்புறம்தான் மீட்டர் வெச்சார். முள் நகர்ந்தது, மைக்குக்குள்ளே "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். "காயில் உயிரோட இருக்கு பாப்பா. இது டைனமிக் மைக்" என்றார். காந்தத்துக்கு நடுவில் கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் வருது. 1831இல் ஃபாரடே கண்டுபிடிச்சாரே, அதேதான். வயர் மாட்டுற இடத்தில் மரை இருக்கு, திருகி மாட்டணும். இப்போ வரும் மூணு முள் பிளக் இதில் சேராது.

ஒரு பேர்கூட இல்லாமல் இவ்வளவு தெரிஞ்சிருச்சு பாருங்க. எடைக்குப் போடலாம் என்கிறவங்களுக்கு இதுதான் என் பதில்.

அடுத்த கட்சிக்கு வர்றேன். காந்தி, நேரு பேசும் பழைய படங்களில் மைக்கில் "சிகாகோ ரேடியோ" என்று ஒரு பலகை இருக்கும். மோத்வானி குடும்பத்தின் பம்பாய் கம்பெனி அது, கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைச்சுக் கொடுத்தவங்க. நம்ம மைக்கில் கழண்டு போன தகடும் அதுதான்னு ஒரு அண்ணா அடிச்சுச் சொல்றார். தகடு இருந்தாலும் அது செஞ்சவங்க பேரா, வாடகைக்கு விட்டவங்க பேரான்னு தனியாப் பார்க்கணும். ரெண்டு ஓட்டையை வெச்சுப் பேரைப் படிக்க முடியுமா?

இருப்புப் பதிவேட்டை ஐயா எடுத்துக் காட்டினார். 1986ஆம் வருஷப் பக்கத்தில் "ஒலிவாங்கி (பழையது) – 1, நன்கொடை" என்று இருக்கு. கொடுத்தவர் பேர் எழுதலை. பழையது என்று எழுதினவங்க எவ்வளவு பழசுன்னும் எழுதலை. காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். அதில் அவர் பேசியே இருக்க மாட்டார்னு நான் சொல்லலை. பேசினார்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னுதான் சொல்றேன்.

"பெருமைக்குத்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறாங்க. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க அந்த அட்டையைப் பார்த்து நோட்டில் எழுதிக்குவாங்க. நம்ம பள்ளிக்கூடம் எழுதி வெச்சதுன்னு நம்புவாங்க. அது நஷ்டம் இல்லையா? காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தார். மத்தியானம் தட்டோட வரிசையில் நிற்கிறோமே, அவரை நினைக்க அது போதாதா?

அட்டையில் இப்படி எழுதலாம் என்பது என் கருத்து: "டைனமிக் மைக். திருகும் இணைப்பு. பெயர்த் தகடு கழன்றுள்ளது. செய்தவர் பெயர், வருடம் தெரியவில்லை. 1986 பதிவேட்டில் உள்ளது. தெரிந்தவர்கள் சொல்லவும்." கண்ணாடிப் பெட்டி அப்படியே இருக்கட்டும்.

இதை எழுத நான் ரொம்பத் தயங்கினேன். ஏன்னா காமராஜர் கதைக்குச் சாட்சி என்று எல்லாரும் சொல்றது எங்க தாத்தாவைத்தான். டீக்கடையில் அவரைக் கேட்டால் "ஆமா ஆமா" என்பார். நேத்து ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக் கேட்டேன். "தாத்தா, நீங்க பார்த்தது இந்த மைக்தானா?"

தாத்தா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நான் கூட்டத்துல கடைசியில நின்னேன் ஆத்தா. தோள்ல எங்க தங்கச்சி வேற. மைக்கெல்லாம் எங்க தெரிஞ்சுது? குரல்தான் கேட்டுச்சு" என்றார்.

இதை எழுதிக்கட்டுமான்னு கேட்டேன். எழுதிக்கோன்னு சொல்லிட்டார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி