பொலிகிடாவும் விதைதான்

நம்மில் பல பேர் பாரம்பரிய நெல் விதையைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிறோம். மாப்பிள்ளைச் சம்பாவில் ஒரு கலப்புக் கதிர் தெரிந்தாலே வயலில் இறங்கிப் பிடுங்கிப் போடுகிறோம். அதே ஆள் வீட்டுக்கு வந்ததும், பட்டியில் நிற்கிற கிடாவைப் பார்த்து, 'இதோட அப்பன் எது?' என்று ஒரு நாளாவது கேட்கிறாரா? இல்லை. கால்நடை இல்லாமல் இயற்கை வேளாண்மை இல்லை என்று மேடைதோறும் பேசுகிற நாம், ஆட்டின் விதையைக் கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கருத்து.

கரிசல் காட்டில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு ஈத்தில் நாலு கிடாக்குட்டி பிறக்கிறது. அதில் நல்லா எலும்பு ஓங்கி, தளதளன்னு வளர்கிற குட்டிக்குத்தான் முதலில் வியாபாரி வருகிறார். பக்ரீத், தீபாவளி, கோயில் கொடை என்று நல்ல குட்டி போய்விடும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனாலும் அதே கதைதான். விலை போகாத நோஞ்சான் ஒன்று பட்டியிலேயே தங்கும். அடுத்த வருஷம் அதுதான் பொலிகிடா! நல்ல நெல்லையெல்லாம் விற்றுவிட்டுப் பதரை விதைக்கிற வேலை இது. அப்புறம், 'நாட்டு ஆடு வளர மாட்டேங்குது சார்' என்று குறைப்படுகிறோம். போயர் கலப்பு, தலைச்சேரி என்று தேடிப் போகிறோம். வளராதது இனத்தின் குற்றமா, நாம் தேர்ந்தெடுத்த விதத்தின் குற்றமா?

வங்கியில் இருந்தபோது ஆட்டுக் கடனுக்கான திட்ட அறிக்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கொட்டகை, தீனி, காப்பீடு, ஆட்டின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். கிடாவுக்கு 'ஆண் 1' என்று ஒரே வரி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டை இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து ஈன்றால் நாலைந்து குட்டி கிடைக்கும். இருபது பெட்டைக்கு நிற்கிற ஒரு கிடாவுக்கு வருஷத்துக்கே சுமார் 45 குட்டி. ஒவ்வொரு குட்டியிலும் பாதி அதன் ரத்தம். அந்த ஒரு வரிதான் முதல். மற்றதெல்லாம் செலவுக் கணக்கு.

'ரெண்டு வருஷம் கிடாவுக்கு யாரு சார் சும்மா தீனி போடுவா?' என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்விதான். நல்ல கிடாவால் மூன்று மாதக் குட்டியின் எடை தலைக்கு அரைக் கிலோ கூடினால், வருஷத்துக்கு 22 கிலோ. நல்ல கிடாவின் பெட்டைக்குட்டிகள் பட்டியில் தங்குவது தனி லாபம். இது சும்மா போடுகிற தீனியா?

தேர்ந்தெடுக்க ஆராய்ச்சி நிலையம் வேண்டாம். ஒரு நோட்டும் தொங்கு தராசும் போதும். பிறந்த தேதி, தாய் எண், தகப்பன் எண், ஒற்றையா இரட்டையா, மூன்று மாத எடை என்று ஐந்து கட்டம் போடுங்கள். எடையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒற்றைக்குட்டி 11 கிலோ, இரட்டையில் ஒவ்வொன்றும் எட்டரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஒற்றைதான் பெரிசு. ஆனால் இரட்டையின் தாய் கொடுத்தது 17 கிலோ! அந்தத் தாயின் குட்டிதான் பொலிகிடா ஆகத் தகுந்தது. கன்னி ஆட்டில் இரட்டை ஈனுவது சாதாரணம். அந்தக் குணத்தை நாமே தொலைத்துவிடக் கூடாது. முகவரி வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செந்நிறமாக இருந்தால் செங்கன்னி என்று நிறம் பார்ப்பது சரிதான். ஆனால் நிறம் மட்டும் வயிற்றை நிரப்பாது.

அடுத்தது ரத்த உறவு. சினைக்காலம் 150 நாள். பிறந்த பெட்டைக்குட்டி எட்டு, ஒன்பது மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஆக, கிடா பட்டிக்கு வந்த பதினாலாவது மாதமே தன் மகள் மேலேயே ஏறத் தொடங்கிவிடும். குட்டி நலிவது, பிறந்ததும் சாவது, சினை பிடிக்காதது எல்லாம் இதனாலும் வரும். ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை கிடாவை மாற்றியே ஆக வேண்டும். கிடாக்குட்டிகளை மூன்று, நாலு மாதத்தில் பிரித்துக் கட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் நோட்டில் தகப்பன் எண் எழுதுவது வெறும் கற்பனைதான்.

ஐந்து ஆடு வைத்திருக்கிற சம்சாரி தனியாகக் கிடா வைக்க முடியாதுதான். அதற்குத்தான் இயக்கம் இருக்கிறது. விதைத் திருவிழா நடத்துகிற நாம் கிடா மாற்று நாள் நடத்தக் கூடாதா? நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு கிடா வைக்கட்டும். பதினெட்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊர்க் குழுவோடு மாற்றிக்கொள்ளட்டும். மாற்றும் முன் கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் புரூசெல்லா ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். புதுக்கிடாவை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். நோட்டின் நகலும் கிடாவோடு போக வேண்டும். அதுதான் அதன் பத்திரம்.

கன்னி, கொடி, சேலம் கருப்பு மூன்றும் தேசியப் பதிவேட்டில் ஏறிய இனங்கள். கர்னாலில் பெயர் பதிந்துவிட்டதால் மட்டும் இனம் பிழைத்துவிடாது. நம் பட்டியில் எந்தக் கிடா நிற்கிறது என்பதில்தான் அது பிழைக்கும். வருகிற ஈத்தில் உங்கள் பட்டியின் முதல் தரக் கிடாக்குட்டியைக் கேட்டு வியாபாரி வருவார். 'இது விற்பனைக்கு இல்லை, இரண்டாவதைப் பாருங்க' என்று சொல்லிப் பழகுங்கள்.