மேகத்தோடு போட்டி போடும் வேலை



நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. வீட்டில் சுடும் சப்பாத்திக்கும் கடையில் வீசும் ரொட்டி சானாய்க்கும் வேண்டிய கோதுமை, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே அதை அறுப்பவர் யார்? அமெரிக்காவில் ஒரு பகுதி நிலத்தை அறுப்பவர்கள் நிலத்துக்காரர்களும் அல்லர், அவர்களிடம் நிரந்தரமாக வேலை செய்பவர்களும் அல்லர். இயந்திரங்களையும் தாங்கள் படுத்துறங்கும் வண்டிகளையும் லாரிகளில் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கூலி அறுவடைக் குழுவினர். அவர்களுடைய ஒரு நாளை இம்முறை பார்ப்போம்.

மே மாதக் கடைசியில் தெற்கே டெக்சாஸ் மாநிலத்தில் கதிர் முற்றுகிறது. பிறகு ஒக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா, இரண்டு டக்கோட்டாக்கள், மொன்டானா என்று வடக்கு நோக்கி ஒவ்வொன்றாகப் பழுக்கும். கனடா எல்லையை எட்டும்போது ஆகஸ்டோ செப்டம்பரோ ஆகிவிடும். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழு கதிரைத் துரத்திச் செல்கிறது. நிலத்துக்காரர் ஏன் சொந்தமாக இயந்திரம் வாங்குவதில்லை என்று கேட்கலாம். புதிய பெரிய இயந்திரம் ஒன்றின் விலை இன்று ஐந்து லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல். அவருக்கு அதில் வேலையோ வருடத்தில் சில நாள்தான்.

காலையில் எழுந்தவுடன் அறுக்கப் போவதில்லை. முதல் வேலை இயந்திரத்துக்குப் பசியாறக் கொடுப்பது! டீசல் ஊற்றி, மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடித்து, காற்று வடிகட்டியைத் தட்டி, முந்திய நாள் ஒட்டிய தூசியையும் பதரையும் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவார்கள். இது அழகுக்காக அல்ல. காய்ந்த வைக்கோல் தூசி சூடான புகைபோக்கிக்குப் பக்கத்தில் தங்கினால் தீப்பிடிக்கும். இயந்திரத்தோடு வயலும் எரிந்து போகும். அதனால்தான் ஒவ்வொரு இயந்திரத்திலும் தீயணைப்புக் குப்பி இருக்கும்.

பிறகு பனி காயக் காத்திருக்க வேண்டும். கதிரைக் கையில் கசக்கி மணியைக் கடித்துப் பார்ப்பார்கள். சிறிது அறுத்து, ஈரம் அளக்கும் கருவியில் போட்டும் பார்ப்பார்கள். ஈரம் நூற்றுக்குப் பதின்மூன்றரை அளவுக்கு இறங்கினால்தான் அறுப்பு. பல நாள் அதற்கே பதினொரு மணியாகிவிடும். தொடங்கிவிட்டாலோ இயந்திரம் நிற்பதில்லை. முன்னால் முப்பது நாற்பது அடி அகலத்துக்குக் கதிரை அறுத்து உள்ளே இழுத்து, அங்கேயே போரடித்து, புடைத்து, மணியைத் தொட்டியில் சேர்த்து, வைக்கோலைப் பின்னால் வீசிவிடும். தொட்டி நிறைந்ததும் தானிய வண்டி பக்கத்திலேயே ஓடிவர, நிற்காமலே அதில் கொட்டுவார்கள். இரண்டு ஓட்டுநரும் ஒரே வேகத்தில் போகவேண்டும். கண் அயர்ந்தால் இரும்போடு இரும்பு மோதும்.

தானியம் அங்கிருந்து லாரியில் ஊர்க் களஞ்சியத்துக்குப் போகிறது. பாரத்தோடு லாரியை நிறுப்பார்கள். குழாயை இறக்கி மணி எடுத்து ஈரத்தைச் சோதிப்பார்கள். கொட்டிய பின் வெறும் லாரியை நிறுத்துச் சீட்டுக் கொடுப்பார்கள். பால் கொட்டகையில் வாளியை நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்த நாட்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் ஈரம் மிகுந்தால் விலை குறையும், அல்லது லாரி திரும்பிவிடும்.

பகல் சாப்பாடு ஓட்டுநர் இருக்கையிலேயே முடியும். இரவுச் சாப்பாட்டை வயலுக்கே கொண்டு வருவார்கள். பல குழுக்களில் சமைப்பவர் முதலாளியின் மனைவிதான். பத்து இருபது நிமிடம் தரையில் கால் வைப்பார்கள், மறுபடியும் ஏறுவார்கள். இரவுப் பனி இறங்கி வைக்கோல் நார்போல் முறுகும்போதுதான் இயந்திரம் ஓயும். அப்போது மணி பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும்.

ஏன் இத்தனை அவசரம்? முற்றிய கதிர் காத்திருக்காது. ஒரு கல்மழை அரை மணி நேரத்தில் ஒரு வருட உழைப்பைத் தரையில் கொட்டிவிடும். மழை தொடர்ந்தால் மணி எடை குறையும், கதிரிலேயே முளைவிடும். மேகம் கறுக்கும்போது யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

கடிகாரத்தைப் பார்க்காத வேலையில் உழைப்பவருக்கு என்ன காப்பு? இதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி. 1915-இல், இந்த இயந்திரங்கள் பரவுவதற்கு முன், ரயிலேறி ஊர் ஊராக அலைந்த அறுவடைக் கூலிகள் கான்சாஸ் சிட்டியில் சங்கம் அமைத்தார்கள். நல்ல கூலி, பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் தனிக் கூலி, நல்ல உணவு, சுத்தமான படுக்கை ஆகியவற்றைக் கேட்டார்கள். உலகப் போர் நடந்த 1944-இல் மாஸி-ஹாரிஸ் நிறுவனம் 500 அறுவடை இயந்திரங்களைக் கூலிக்கு அறுப்பவர்களிடம் விற்றது. அவை 10 லட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்தன. ஆயிரம் கைகள் செய்ததைச் சில பேர் செய்யும் காலம் பிறந்தது.

அந்தச் சங்கம் கேட்டதில் படுக்கை ஓரளவு கிடைத்திருக்கிறது. இன்று இக்குழுக்களில் வெளிநாட்டு இளைஞர், முக்கியமாகத் தென்னாப்பிரிக்கர், பலர் உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான எச்-2ஏ என்னும் விசாவில் வருகிறவர்களுக்கு முதலாளி இலவசமாகத் தங்குமிடம் தரவேண்டும். ஒப்பந்த நாட்களில் முக்கால் பங்குக்காவது வேலையோ, அதற்குரிய கூலியோ கொடுத்தாக வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்ற காலத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. முக்கால் பங்கு உறுதி எவ்வளவு பெரிது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் மணி நேரக் கணக்கு இன்னும் தீரவில்லை. அந்நாட்டின் 1938-ஆம் ஆண்டுக் கூட்டரசு வேலைச் சட்டம் பிறருக்கு ஓவர்டைம் தருகிறது. விவசாயத் தொழிலாளிக்குத் தரவில்லை. சில மாநிலங்கள் தாமாகச் சட்டம் செய்திருக்கின்றன, பல செய்யவில்லை. நள்ளிரவு வரை ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளந்தான்.

பெற்றோர்களே! நம் பிள்ளைகளும் இன்று சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், உலகத்தைப் பார்க்கட்டும். ஆனால் பெட்டியைக் கட்டுமுன் ஐந்து கேள்விக்குப் பதில் வாங்கச் சொல்லுங்கள். படுக்கை எங்கே? சாப்பாடு யார் செலவு? போக வரக் கட்டணம் யாருடையது? மழை நாளில் கூலி உண்டா? இரவில் நீளும் மணிக்குக் கணக்கு உண்டா? பதில் வாயால் வந்தால் போதாது, தாளில் எழுதி வரவேண்டும். எழுதியதைப் படித்துப் பார்க்கத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம்!