ஜிகினாவும் ராக் இசையும்

இளைஞர் தலைமுடியை நீள வளர்த்தாலும் பகட்டான சட்டை அணிந்தாலும் பெற்றோர் முகம் சுளிப்பது எந்நாட்டிற்கும் பொதுவே. அவ்வாறு பெரியோரை முகம் சுளிக்க வைத்த ஓர் இசையைப் பற்றி இம்மாதம் அன்பர்களுடன் உரையாட விரும்புகிறோம். அதன் பெயர் கிளாம் ராக்.

1960களின் இறுதியில் இங்கிலாந்தின் ராக் கலைஞர் பலர், அன்றாட உடையிலேயே மேடையேறி நெடுநேரம் கித்தார் வாசிப்பதைப் பெருமையாகக் கருதினர். 1971 மார்ச்சு மாதத்தில், லண்டன் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகனான மார்க் போலன், பளபளக்கும் உடையுடன், கண்களுக்குக் கீழே ஜிகினாத் தூள் மின்ன, பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றினார். அவருடைய டி. ரெக்ஸ் குழுவின் பாடல்களோ எளியவை. கேட்டவுடன் கால் தானே தாளமிடும். இப்புதுப்பாணி விரைவில் பரவிற்று.

டேவிட் போவி இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்னும் கற்பனைப் பாத்திரமாகவே மாறினார். 1972 ஜூலையில், செந்நிற முடியும் பல வண்ண உடையுமாகத் தொலைக்காட்சியில் பாடுகையில், கித்தார் கலைஞர் மிக் ரான்சனின் தோள்மீது கை போட்டார். ஆடவரிடையேயான உறவைக் குற்றமெனக் கொண்ட சட்டம் இங்கிலாந்தில் ஓரளவு தளர்த்தப்பட்டு அப்பொழுது 5 ஆண்டுகளே ஆகியிருந்தன. பெற்றோர் பலர் திகைத்தனர். தாம் பிறரைப் போன்றவரல்லர் என்று உள்ளூர வருந்திய பிள்ளைகள் பலருக்கோ அது ஆறுதலாயிற்று. பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் சிலர் அந்நிகழ்ச்சியை நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளனர்.

நம் நாட்டோடும் இதற்குத் தொடர்புண்டு. சான்சிபாரில் பார்சிப் பெற்றோருக்குப் பிறந்து, பஞ்சகனி விடுதிப் பள்ளியில் பயின்ற பரூக் புல்சாரா, 1964இல் குடும்பத்துடன் இங்கிலாந்தில் குடியேறினார். இப்பாணியின் செல்வாக்குடன் எழுந்த குவீன் குழுவில், பிரெடி மெர்க்குரி என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றார்.

போவி 1973 ஜூலை 3ஆம் நாள் அவ்வேடத்தைக் களைந்தார். சில ஆண்டுகளில் அலையும் ஓய்ந்தது. ஆயினும், மேடையில் தம்மைத் தாமே புதிதாய்ப் படைத்துக்கொள்ளும் துணிவைப் பின்வந்த கலைஞர்க்கு அது விட்டுச் சென்றது.

மேற்கூறிய மூவருமே பெற்றோர் இட்ட பெயரை மாற்றிக்கொண்டவர்கள். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி என வளரும் நம் பிள்ளைகளும், தாம் யார் என்பதைத் தேடிக்கொண்டிருப்பவர்களே. அவர்கள் கேட்கும் பாட்டை நிறுத்தச் சொல்லுமுன், உடனமர்ந்து ஒருமுறை கேட்போமாக.