நோவும் நீரிழிவும்

நோவென்பது யாவரும் வெறுப்பதொன்று. அது தோன்றிய அளவிலேயே தைலந் தடவியும் மாத்திரை விழுங்கியும் அதனை அடக்க முயல்வதே மக்கள் இயல்பு. நாற்பது வயதைக் கடந்தாரது காலெரிச்சலை மூப்பின் விளைவெனத் தள்ளிவிடுதலும் நம் இல்லங்களிற் காண்பதேயாம். இவ்வழக்கம் தீதென்பதே ஈண்டு நாம் கூறப் புகுவது.

இரத்தத்திற் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்து நிற்குமாயின், நரம்புகளும் அவற்றை ஊட்டும் நுண்ணிய குழாய்களும் பழுதுறுகின்றன. நீண்ட நரம்புகளே முதற்கண் கெடுதலின், எரிச்சலும் ஊசி குத்தினாற்போன்ற உணர்ச்சியும் கால்விரல்களிற் றொடங்கி மேலேறும், இரவில் மிகும். தோள்மூட்டு இறுகுதலும் நீரிழிவுடையாரிடத்து மிகுதி. நாட்பட்ட நோவும் வாளா இராது. உறக்கத்தைக் கெடுத்து, நடையைக் குறைத்து, சர்க்கரையை உயர்த்த ஏதுவாகும். ஒன்றையொன்று வளர்க்கும் இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் அடக்க முயல்வது அறிவுடைமையாமோ? வலிநீக்கும் மாத்திரைகளுட் சில, நீரிழிவால் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் வருத்துவன.

இதனினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. நரம்பு முற்றும் கெட்டவழி நோவு தானே ஒழியும். நோயாளர் குணமாயிற்றென மகிழ்வர், காலில் முள் தைத்ததையும் அறியார், புண் புரையோடும். 1946-ஆம் ஆண்டு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றிய டாக்டர் பால் பிராண்டு, அவர்தம் கைகால்கள் சிதைதற்குப் பெருங்காரணம் உணர்ச்சியின்மையே எனக் கண்டார். பின்னர் அமெரிக்காவிற் கார்வில் மருத்துவமனையில் அவ்வறிவையே நீரிழிவுற்றாரின் பாதங்களைக் காத்தற்கும் பயன்படுத்தினார். நோவை அவர் ஒரு கொடையென மதித்தது இதனாலன்றோ?

எல்லா நோவும் சர்க்கரையால் விளைவதன்றே என்பார் உளர். உண்மையே. சர்க்கரை அடங்கியவுடன் நோவெல்லாம் தீருமென்றும் நாம் கூறோம். எனினும், அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவுடையார் 1,441 பேரிடம் நடத்தி 1993-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சியில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் காத்தவர்க்கு நரம்புக்கேடு ஏறக்குறைய 60 விழுக்காடு குறைந்தமை புலனாயிற்று. இரண்டாம் வகையினர்க்குப் பயன் அத்துணைப் பெரிதன்றெனினும், வருமுன் காத்தல் அவர்க்கும் நன்றே.

ஆதலின், விடுமுறைக்கு இல்லஞ் செல்லும் மாணவ நண்பர்காள், தைலப்புட்டி வாங்கித் தருவதோடு நின்றுவிடாதீர். பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மூன்று திங்களின் சர்க்கரை நிலையைக் காட்டும் இரத்தச் சோதனை செய்வியுங்கள். அவர்தம் உள்ளங்காலை நாடோறும் பார்த்து வாருங்கள். நோவைக் கடியுமுன் அது கூறவந்ததைக் கேட்டல் நம் கடனாம்.