ஏப்பம் வந்துச்சா?

போன ஆண்டு மூன்று வாரம் இந்தப் பத்தி வரவில்லை. வானொலியிலும் என் நேரத்தில் வேறொருவர் பேசினார். “எங்கே போனீங்க, ஊருக்கா?” என்று சிலர் கேட்டீர்கள். ஊருக்கெல்லாம் போகவில்லை. மருத்துவமனையில் இரண்டு இரவு, பிறகு வீட்டில் கஞ்சித் தண்ணீரும் சூப்பும். என் இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றித் தைத்திருந்தார்கள். நானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் தைத்துக்கொண்டது.

நெஞ்செரிச்சல் என்றால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. ஓமத் தண்ணீர், ஒரு டம்ளர் மோர், அதிலும் அடங்காவிட்டால் கடையில் வாங்கிய மாத்திரை. இருபதுகளில் என் கதையும் அப்படித்தான் ஓடியது. காலை 6 மணி நிகழ்ச்சி என் கைக்கு வந்த பிறகுதான் வினை. நாலே காலுக்கு எழவேண்டும். ஆனால் எல்லாரும் வீடு வந்து சேர்ந்து இரவுச் சாப்பாட்டில் உட்காரும்போது மணி ஒன்பதரை. தட்டைக் கழுவிய கையோடு படுக்கை. நடுநிசியில் தொண்டைவரை புளிப்பாக ஏதோ ஏறிவரும். இருமிக்கொண்டே எழுந்து உட்காருவேன். ஒரு தலையணை மூன்றானது. பிறகு கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம். பாவம் என் கணவர், விடியும்போது சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டில் கிடப்பார்.

ஒருநாள் காலை போக்குவரத்து நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘தீவு விரைவுச்சாலையில்’ என்று தொடங்கினேன். ‘சாலை’ வெளியே வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. சட்டென்று பாட்டைப் போட்டுவிட்டேன். அந்த நாலு நிமிடப் பாட்டு முடிவதற்குள், குரல் இல்லாவிட்டால் எனக்கு வேறென்ன தெரியும் என்று நான் போட்ட கணக்கு இருக்கிறதே, அதை இங்கே எழுதப்போவதில்லை.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக ஒரு சிறு கேமராவை விட்டுப் பார்த்தார். குரல்நாண் பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. வயிற்று அமிலமாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். எட்டு வாரத்தில் எரிச்சல் நின்றது. ஆனால் ஏறிவருவது நிற்கவில்லை. புளிப்பு மட்டும்தான் குறைந்திருந்தது. மாத்திரை அமிலச் சுரப்பைக் குறைக்கும்; மேலே வருவதைத் தடுக்கும் கதவு அது அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு என்பது உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலிருக்கும் சுருக்குத் தசை. எனக்கு அது தளர்ந்திருந்தது. போதாக்குறைக்கு, உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துளை அகன்று, இரைப்பையின் மேல்நுனி நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது.

அறுவை சிகிச்சை பற்றிப் பேசவே இரண்டு சோதனைகள் முடியவேண்டும் என்றார் அடுத்துப் பார்த்த நிபுணர். ஒன்று, மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்குவது. உணவுக்குழாய் உணவைக் கீழே தள்ளும் வலு எவ்வளவு என்று அதில் தெரியும். வலு இல்லாதவருக்கு இறுக்கித் தைத்துவிட்டால் சோறு வழியிலேயே நின்றுவிடும். இன்னொன்று, மெல்லிய குழாயொன்றை மூக்கில் விட்டு, கன்னத்தில் ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியோடு 24 மணி நேரம் வீட்டுக்கு அனுப்புவது. அமிலம் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஏறுகிறது என்பதை அந்தப் பெட்டி பதிவு செய்துகொள்ளும். அதற்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம், அப்பப்பா!

“வழக்கமா என்ன சாப்பிடுவீங்களோ அதையே சாப்பிடுங்க” என்றார் தாதி. நானும் உத்தரவைச் சிரமேற்கொண்டு நேரே தேக்கா நிலையத்துக்குப் போனேன். கன்னத்தில் பிளாஸ்திரி, மூக்கில் குழாய், கையில் ஆட்டிறைச்சி பிரியாணி. தே தாரே கலக்கிய அண்ணன் இரண்டு முறை பார்த்துவிட்டு, “என்ன தங்கச்சி, ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடி வந்துட்டியா?” என்றார். தேநீர் இரண்டு வாய் உள்ளே போனதும் புளிப்பு ஏறியது. பெட்டியிலிருந்த பொத்தானை அழுத்தினேன். அன்று இரவுக்குள் அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தது.

முடிவு தெளிவாக இருந்தது: அமில எதுக்களிப்புதான். செய்யவிருந்த சிகிச்சையைப் பற்றிப் படித்தபோது ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற மருத்துவரின் கதை கிடைத்தது. யூதர். 1933ல் ஜெர்மனியை விட்டு வெளியேறி இஸ்தான்புல் போனார். அங்கே 1936ல் ஓர் இளைஞரின் உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டி எடுத்தவர், ஒட்டிய இடம் பிரிந்துவிடக் கூடாதென்று இரைப்பையை அதன்மேல் சுற்றித் தைத்தார். பல ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்த மனிதருக்கு எதுக்களிப்பே இல்லை! அதை நினைவில் வைத்திருந்து 1955ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எதுக்களிப்புக்காகவே இந்த அறுவையைச் செய்தார். இடையில் 1948ல் நியூயார்க்கில் ஐன்ஸ்டைனுக்கு வயிற்று ரத்தக்குழாய் வீங்கியபோது அதைச் சுற்றி செலோபேன் தாளைக் கட்டியவரும் இவர்தான். மனிதருக்குச் சுற்றிக் கட்டுவதில் அப்படியொரு கைராசி. இன்று வயிற்றைக் கிழிக்காமல், நாலைந்து சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்தே இதைச் செய்கிறார்கள்.

கதை படிப்பது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு. “இரவில் ஏறிவருவது பெரும்பாலும் நிற்கும். குரல் சரியாகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், குரல் கம்முவதற்கு அமிலம் மட்டுமே காரணமாக இருக்காது” என்று நிபுணர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். நான் போனதே குரலுக்காக. சில ஆண்டுகளில் தையல் தளர்ந்து மறுபடி மாத்திரைக்குப் போகிறவர்களும் உண்டு என்றார். கடைசியாக, “ஏப்பம் விடுவது கஷ்டமாகலாம். வாந்தி எடுப்பதும்தான்” என்றார்.

மற்றதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அம்மா ஏப்பத்தில் ஆடிப்போனார். “ஏப்பம் வராதா? அப்புறம் சாப்பிட்டது நிறைஞ்சதுன்னு எப்படிடி தெரியும்?” எங்கள் வீட்டில் அப்பாவின் ஏப்பம்தான் சமையலுக்கு மதிப்பெண். மூன்று அறை வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். பின்னாலேயே “முருகா” என்று ஒரு பெருமூச்சும் வரும். ஊரார் பணத்தை விழுங்குவதற்கும் ‘ஏப்பம் விடுவது’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். திருப்திக்கும் திருட்டுக்கும் ஒரே சத்தம்!

இரண்டு மாதம் யோசித்தேன். மாத்திரை மட்டும் போதுமென்று இருந்திருந்தால் அதோடு நின்றிருப்பேன். பெரும்பாலானவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் அதுவே போதும். எனக்குத் தூக்கம் போயிருந்தது. மூச்சுக்குழாய்க்குள் ஒருமுறை அமிலம் இறங்கி, விடியும்வரை சன்னலருகே நின்றிருந்தேன். குரல் வந்தால் லாபம், தூக்கம் வந்தாலே முதலுக்கு மோசமில்லை என்று முடிவு செய்தேன். முழுச் சுற்றாக இல்லாமல் முக்கால் சுற்றாகத் தைப்பது என்று பேசிக்கொண்டோம். அதில் விழுங்கும் சிரமமும் காற்றுத் தொல்லையும் குறைவு.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். அடுத்த நாலு வாரம் மசித்த சோறு, இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் குழைத்தது. ரொட்டியும் பரோட்டாவும் கூடாது. மாவுப் பண்டம் அடைத்துக்கொள்ளும். ஐந்தாவது வாரம் யாரும் பார்க்காதபோது ஒரு துண்டு தோசையைச் சரியாக மெல்லாமல் விழுங்கினேன். நெஞ்சுக்கு நடுவில் நின்றுவிட்டது. கீழேயும் போகாது, மேலேயும் வராது. இருபது நிமிடம் சமையலறையில் நின்றபடி இனி அவசரமே படமாட்டேன் என்று சகல தெய்வங்களுக்கும் நேர்ந்துகொண்டேன்.

இப்போது பத்து மாதம் ஆகிறது. மூன்று தலையணையும் மரக்கட்டையும் போய்விட்டன. மல்லாந்து படுத்துத் தூங்குகிறேன். குரல் பாதிதான் தேறியது. காலையில் முதல் அரைமணி நேரம் இன்னும் கரகரப்பு உண்டு. குரல் பயிற்சிக்குப் போகிறேன். வாயுள்ள குளிர்பானங்களை விட்டாயிற்று. மேலே வழியில்லாத காற்று கீழ்வழியைத் தேடிக்கொள்ளும் என்பதைப் பத்திரிகையில் இதற்குமேல் நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒலிப்பதிவு அறை மிகச் சிறியது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது நேரே அறுவை சிகிச்சைக்குக் கிளம்பவேண்டாம். விழுங்கும்போது தடை, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுத்த மலம் இருந்தால் மட்டும் ஓமத் தண்ணீரில் நாள் கடத்தாதீர்கள். நெஞ்சு அழுத்தி வியர்த்துக் கொட்டினால் வாயு என்று தேய்த்துவிட்டுக்கொண்டு இருக்காமல் 995ஐ அழையுங்கள், இதயமாக இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பிறந்தநாளுக்கு ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு. எனக்கு அரை இலைச் சோறு. முடிக்க முக்கால் மணி நேரம். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்கள். அப்பா வழக்கம்போல விட்டார். பக்கத்து மேசைச் சீனக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அம்மா என் பக்கம் சாய்ந்து, தேர்வு முடிவு கேட்கிற குரலில், “உனக்கு வந்துச்சா?” என்றார்.

“இல்லைமா.”

“பரவாயில்லை, மோர் இன்னும் கொஞ்சம் ஊத்திக்க.”