ஊட்டிக்கு ஏன் இ-பாஸ்?

கோடையில் விருத்தாசலம் பக்கம் 40 டிகிரி வெயில் அடிக்க ஆரம்பித்ததும் எங்கள் கம்மாபுரத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி, "சார், ஊட்டி எவ்வளவு தூரம்?" என்பதுதான்.

தூரத்தை விடுங்கள், உயரத்தைக் கேளுங்கள். 1,000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி இருப்பது ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள்! அங்குள்ள தொட்டபெட்டா சிகரம் இன்னும் உயரம், 2,637 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கி.மீ. ஊர்ந்து ஏறும் மலை ரயில் வேறு இருக்கிறது. 2005ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு கூட்டம் கூடாமல் இருக்குமா?

கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 20 ஆயிரம் வண்டிகள் நீலகிரிக்கு வருவதாக 2024ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கணக்குத் தரப்பட்டது. அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது.

வண்டி வந்தால் மலைக்கு என்ன? நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். மண்பானையில் நீர் ஊற்றினால் மெல்ல ஊறிக் கசியும். விருத்தாசலம் பீங்கான் கோப்பையில் ஒரு சொட்டு கசியாது. மேலே பளபளப்புப் பூச்சு. நீலகிரியின் சோலைக்காடும் புல்வெளியும் மண்பானை மாதிரி. மழையைக் குடித்து, மாதக்கணக்கில் ஓடைகளுக்கு விடும். விடுதி, வண்டி நிறுத்துமிடம் என்று சிமென்ட் போட்டுக்கொண்டே போனால், மலைக்குப் பீங்கான் பூச்சு பூசிய கதைதான். நீர் ஊறாமல் பாய்ந்து ஓடும். சரிவை வெட்டிய இடங்களில் மண்ணும் சேர்ந்து வரும். 2009 நவம்பர் மழையில் அங்கே நிலச்சரிவுகளில் பல உயிர்கள் போயின.

"அது அவர்கள் பாடு" என்று இருந்துவிட முடியாது. நீலகிரி நீர் பவானி வழியாகக் காவிரியில் சேர்கிறது. காவிரி நீர்தான் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக நம் மாவட்டத்து வீராணம் ஏரிக்கு வருகிறது.

மறுபக்கமும் உண்டு. இ-பாஸை எதிர்த்து 2025 ஏப்ரல் 2ல் நீலகிரி வியாபாரிகள் கடையடைத்தார்கள். சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தானே வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டும்? அவர்கள் கவலை நியாயமானதே. ஆனால், 2025ல் கட்டுப்பாடு வண்டிகளுக்குத்தான். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தவர்களுக்கு இல்லை. ஒரு பஸ்ஸில் 50 பேர், ஒரு காரில் 4 பேர். அதே 200 பேர் ஊட்டிக்குப் போக எத்தனை பஸ், எத்தனை கார்? அப்பாவிடம் கார் சாவியைக் கேட்கும் முன் சொல்லுங்கள் பார்ப்போம்!